வென்றோர் கருணை

ஜூலியஸ் ஸீஸர் என்னும் பெயரைக் கேள்வியுறாத கல்லூரி மாணவர் இரார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தின் வாயிலாக அவனை அறிந்தோர் சிலர். ரோம சரித்திரத்தைக் கற்று அறிந்தோர் சிலர். ஜூலை மாதத்தின் பெயரில் மாத்திரம் அவனை அறிந்தோர் பலர். படை நடத்துவதில் வல்லவன், உரைநடை எழுதுவதில் தேர்ந்தவன், பஞ்சாங்கத்தைத் திருத்தியவன் எனப் பல புகழ் அவனுக்கு உண்டு. அவற்றுள் அவனே பெரிதாக மதித்த புகழ், பகைவரையும் மன்னிக்கும் பெருந்தகை என்பதேயாம். அவனுடைய இறுதி நாட்களில் ரோமச் செனட் சபையார் ஸீஸரின் கருணைக்கு ஒரு கோயில் எடுக்கவும் தீர்மானித்தனர். மனிதன் ஒருவனுடைய குணத்திற்குக் கோயில் எடுக்கத் துணிவது எளிய செய்தியன்று. அத்தகைய புகழைப் பற்றி ஓர் ஐயத்தை எழுப்புவதே யாம் இங்கு மேற்கொண்ட காரியம். அவ்வையத்திற்குக் காரணமாய் நிற்பது, இக்காலத்துப் பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்குப் பகுதியில் இருந்த ஒரு சிறு மலைநகரம். அதன் பெயர் உக்ஸெல்லோடூனம்.

கி.மு. 58-ஆம் ஆண்டு முதல் ஸீஸர் காலியா தேசத்தில் போர் நடத்தி வந்தான். இன்று பிரான்ஸ் எனவும் பெல்ஜியம் எனவும் வழங்கும் நிலப்பரப்பின் பெரும்பகுதியே அக்காலத்துக் காலியா. அங்கு வாழ்ந்த காலியர் பல குலத்தாராய்ப் பிரிந்திருந்தமையின், ரோமர் அவர்களைத் தனித்தனியே வெல்லுதல் எளிதாயிற்று. கி.மு. 52-இல் அர்வேர்ணர் குலத்து இளைஞனாகிய வெர்ஸிங்கெடோரிக்ஸ் பல குலங்களையும் ஒருங்கு திரட்டி எழுந்தான். கெர்கோவியா என்னும் மலைநகரில் ஸீஸரையே பின்வாங்கச் செய்தான். ஆயினும் அவ்வாண்டிலேயே அலேஸியா என்னும் மலைநகரில் முற்றுகையிடப்பட்டு, பசியால் நலிந்து சரணடைந்தான். பிறகு ஆறாண்டு சிறையில் கிடந்து, கி.மு. 46-இல் ரோமாபுரியில் ஸீஸரின் வெற்றி ஊர்வலத்தில் நடத்தப்பட்டுக் கொல்லப்பட்டான். காலியப் போரின் சரித்திரத்தைக் கூறுவோர் பெரும்பாலும் அலேஸியாவோடு நூலை மூடிவிடுவர். ஸீஸர் தன் கைப்பட எழுதிய ஏழு புத்தகங்களும் அவ்விடத்திலேயே முடிகின்றன. அதன்பின் நிகழ்ந்தவற்றை எட்டாம் புத்தகமாக எழுதிச் சேர்த்தவன் ஸீஸரின் நண்பனும் அவன்கீழ்ப் பணியாற்றியவனுமாகிய ஔலஸ் ஹிர்ட்டியஸ் என்பவன். உக்ஸெல்லோடூனத்தின் கதையை நாம் அறிவது முதன்மையாக அவன் வாயிலாகவே.

கி.மு. 51-ஆம் ஆண்டில் காலியா முழுதும் அடங்கிவிட்டதெனத் தோன்றிய காலத்து, இரு தலைவர் அடங்காது நின்றனர். ஒருவன் ஸெனோனர் குலத்து டிராப்பெஸ். மற்றவன் கடூர்க்கர் குலத்து லுக்டேரியஸ். இவன் முன்னாண்டுப் போரில் வெர்ஸிங்கெடோரிக்ஸின் துணைவனாய் நின்று பெரும்பங்கு கொண்டவன். தோல்வியுற்றுச் சிதறியோருள் இரண்டாயிரத்திற்கு மேற்படாத வீரரைச் சேர்த்துக்கொண்டு, தெற்கே ரோமரின் பழைய மாகாணத்துள் புகுவது அவர்கள் எண்ணம். ஸீஸரின் துணைத்தளபதியாகிய கனீனியஸ் ரெபிலஸ் இரண்டு லீஜியன் படையோடு பின்தொடர்ந்தான். இனி மாகாணத்தை அடைதல் இயலாதெனக் கண்ட இருவரும் கடூர்க்கர் நாட்டில் நின்று, உக்ஸெல்லோடூனத்துள் புகுந்தனர். அந்நகரம் முன்பு லுக்டேரியஸின் ஆதரவில் இருந்தது; அதனால் நகரத்தார் கதவைத் திறந்தனர். உயர்ந்த அரண் என்பதே அந்நகரின் கெல்டியப் பெயருக்குப் பொருள். எப்புறமும் செங்குத்தான பாறைகள் சூழ்ந்தமையால், எதிர்ப்பார் ஒருவரும் இல்லாவிடினும் ஆயுதந் தரித்தவர் ஏறுதல் அரிது என ஹிர்ட்டியஸ் கூறுகிறான்.

கனீனியஸ் உயர்ந்த இடங்களில் மூன்று பாசறைகளை அமைத்து, நகரைச் சுற்றி அரண் எழுப்பத் தொடங்கினான். நகரத்தாருக்கு அலேஸியாவின் நினைவு வந்தது. பசி எத்தகைய பகைவன் என்பதை லுக்டேரியஸ் முன்பே அறிந்தவன். ஆகவே வீரர் இரண்டாயிரவரை நகரில் நிறுத்திவிட்டு, ஏனையோருடன் அவனும் டிராப்பெஸும் இரவில் வெளியேறித் தானியம் தேடினர். சிலநாளில் பெருந்திரளான தானியம் சேர்ந்தது. நகருக்குப் பத்து மைல் அளவில் பாசறை அமைத்து, அங்கிருந்து சிறிது சிறிதாக உள்ளே கொண்டுசெல்ல எண்ணினர். விடியற்காலத்துக்கு முன் குறுகிய மலைப்பாதைகளின் வழியே பொதிகள் ஏறும் அரவத்தை ரோமக் காவலர் கேட்டுவிட்டனர். படை பாய்ந்தது. லுக்டேரியஸ் சிலரோடு தப்பினான், பாசறைக்குத் திரும்பவில்லை. பின்னர்க் கனீனியஸ் டிராப்பெஸின் பாசறையையும் தாக்கி, அவனை உயிருடன் பிடித்தான். தலைவர் இருவரும் போயினர். ஆயினும் நகரம் பணியவில்லை. நாம் இங்கு நின்று கருதவேண்டிய செய்தி இது. தலைவன் தூண்டியதனால் பாமரர் போரிட்டனர் என்று கூறுவோர் உளர். தூண்டத் தலைவன் இல்லாத நகரமும் போரிட்டது.

இதனைக் கேட்ட ஸீஸர், ஒருவரும் எதிர்பாராத நேரத்தில் தானே உக்ஸெல்லோடூனத்திற்கு வந்தான். ஒரு சிறு நகருக்காக அவன் ஏன் வரவேண்டும்? காரணத்தை ஹிர்ட்டியஸ் மறைக்கவில்லை. ஸீஸரின் ஆட்சிக்காலத்தில் இன்னும் ஒரு கோடைகாலமே எஞ்சியுள்ளது என்பதைக் காலியர் யாவரும் அறிந்திருந்தனர். அதுவரையில் தாங்கி நின்றால் பிறகு அச்சமில்லை என்ற எண்ணம் பரவுமாயின், அரணான இடங்களை உடையோர் அனைவரும் இந்நகரத்தாரைப் பின்பற்றுவர் என அவன் அஞ்சினான். அடங்காதவரின் தொகை சிறிது என்பதை அவன் அறிவான். ஆயினும் அவர்களைக் கடுமையாகத் தண்டித்தல் வேண்டும் என்று அங்கு வருமுன்னரே தீர்மானித்திருந்தான். ஆகவே பின்னர் நிகழ்ந்த தண்டனை போரின் சீற்றத்தில் எழுந்ததன்று; முன்னரே எண்ணித் துணிந்தது. இதனை நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

நகரில் தானியம் நிரம்ப உண்டு என்பதை ஓடிவந்தவர் மூலம் அறிந்த ஸீஸர், நீரைத் தடுக்க முயன்றான். மலையின் அடியில் ஓர் ஆறு ஏறக்குறைய நகரைச் சுற்றி ஓடிற்று. அது மிகத் தாழ்ந்து ஓடியமையால் அதனைத் திருப்புதல் இயலவில்லை. ஆயின் நகரத்தார் அதனிடம் செல்லவேண்டுமெனில் செங்குத்தான சரிவில் இறங்கவேண்டும். வில்லாளரையும் கவணாளரையும் எறிபொறிகளையும் எதிரே நிறுத்தி, அவ்வழியை ஸீஸர் அடைத்தான். எஞ்சியது ஒரே இடம். ஆறு சூழாத ஏறக்குறைய 300 அடி அகலமுள்ள பக்கத்தில், நகர மதிலின் கீழே ஒரு பெரிய ஊற்று இருந்தது. நகரம் முழுதும் அவ்வூற்றை நம்பி வாழ்ந்தது. அதற்கு எதிரே காப்புப் பந்தல்களை முன்தள்ளி, இடையறாது போரிட்டுக்கொண்டே, 60 அடி உயரமுள்ள மண்மேட்டை ரோமர் எழுப்பினர். அதன்மேல் பத்து நிலை உள்ள கோபுரம் ஒன்றை நிறுத்தினர். அது மதிலின் உயரத்தை எட்டவில்லை. ஊற்றின் உயரத்தைக் கடந்தால் போதுமாயிருந்தது. அக்கோபுரத்திலிருந்து பாய்ந்த படைக்கலங்களுக்கு அஞ்சாது ஒருவரும் நீர் மொள்ள இயலவில்லை. மக்களும் மாக்களும் தாகத்தால் வாடினர்.

நகரத்தார் வாளா இருந்திலர். பீப்பாய்களில் கொழுப்பும் கீலும் மரச்சிம்புகளும் நிரப்பித் தீமூட்டி, ரோமரின் வேலைகளின்மேல் உருட்டிவிட்டனர். அத்தீயை அணைப்போரைத் தடுக்கத் தாமும் இறங்கிப் போரிட்டனர். தன் வீரர் பலர் காயமுறுவதைக் கண்ட ஸீஸர், நகரின் எல்லாப் பக்கமும் ஏறித் தாக்குவதுபோலப் பாசாங்கு செய்யும்படி கட்டளையிட்டான். மதில்கள் ஏறப்படுகின்றன என்றெண்ணி நகரத்தார் திரும்ப ஓடினர். ரோமர் தீயை அணைத்தனர். அதன்பின்னும் நகரம் தளரவில்லை. தாகத்தால் பலர் மாண்டபின்னும் உறுதி குலையவில்லை. இதற்கிடையே கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. பந்தல்களின் மறைவில் தொடங்கி ஊற்றின் தலையை நோக்கிச் சுரங்கம் அகழப்பட்டது. ஒருநாள் சுரங்கம் ஊற்றுக்கண்களைச் சென்று தொட்டது. நீர் வேறு வழியே திரும்பிற்று. என்றும் வற்றாத ஊற்று திடீரென வறண்டது. சுரங்கத்தை அறியாத நகரத்தார், இது மனிதர் சூழ்ச்சியன்று, தெய்வச் செயல் என்று கருதினர். படைக்கு அஞ்சாதவர் தெய்வத்துக்கு அஞ்சிச் சரணடைந்தனர்.

இனி நிகழ்ந்ததைக் கூறுதற்கு எமது எழுதுகோல் தயங்குகிறது. ஆயுதம் எடுத்தோர் அனைவருடைய கைகளையும் வெட்டும்படி ஸீஸர் கட்டளையிட்டான். உயிரை மட்டும் அவர்களுக்கு அருளினான். தீயோர் பெறும் தண்டனைக்கு அவர்கள் நடமாடும் சாட்சியாய் இருத்தற்பொருட்டே உயிர் அருளப்பட்டது என்று ஹிர்ட்டியஸ் எழுதுகிறான். டிராப்பெஸ் சிறையில் சிலநாள் உணவு மறுத்து மாண்டான். ஊர்விட்டு ஊர் ஓடி ஒளிந்த லுக்டேரியஸை, ரோமரின் நண்பனாகிய எபாஸ்னாக்டஸ் என்னும் அர்வேர்ணன் தயங்காது விலங்கிட்டு ஸீஸரிடம் ஒப்புவித்தான். அதன்பின் லுக்டேரியஸ் எட்டாம் புத்தகத்தின் ஏடுகளிலிருந்து மறைந்துவிடுகிறான்.

இவையெல்லாம் மெய்யோ என ஐயுறுவார்க்கு ஒரு சொல். பிரான்ஸ் தேசத்து லோட் பகுதியில் வேராக் என்னும் ஊருக்கு அருகே பூய் டிஸ்ஸோலூ என்னும் மலை உள்ளது. உக்ஸெல்லோடூனம் தம் ஊரே என்று வேறு சில ஊரார் நெடுங்காலம் வாதிட்டு வந்தனர். பேரரசன் மூன்றாம் நெப்போலியனின் காலத்தில், 1865-இல் அம்மலையின் சரிவில் அகழ்ந்தபோது, ஊற்றை நோக்கிச் செல்லும் சுரங்கம் வெளிப்பட்டது. 1990-களில் மீண்டும் நடந்த அகழாய்வுகளில் எரிந்த மண்ணும், அம்பு முனைகளும், எறிபொறிகளின் இரும்பு முனைகளும் ஏராளமாகக் கிடைத்தன. 2001-இல் பிரான்ஸ் தேசத்துப் பண்பாட்டு அமைச்சு அம்மலையையே உக்ஸெல்லோடூனமாக ஏற்றது. மண் தன் சாட்சியைக் கூறிவிட்டது. ஆயின் மண்ணாலும் கூற இயலாத செய்தி ஒன்று உண்டு. வெட்டுண்ட கைகளைப் பற்றி நமக்கு உரைப்பது வென்றவனின் நண்பன் எழுதிய நூலே. குற்றத்தைச் செய்தவன் பக்கத்தாரே அதற்குச் சாட்சி பகர்கின்றனர். அவர்கள் அதனை மறைக்க நினையாதது ஏன்? இதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹிர்ட்டியஸின் விளக்கத்தைக் கவனமாக நோக்குதல் வேண்டும். தன் சாந்தகுணம் யாவரும் அறிந்தது என்பது ஸீஸருக்குத் தெரியும். ஆகவே தான் சற்றுக் கடுமையாக நடந்தாலும் அது இயற்கைக் கொடுமையால் விளைந்ததெனப் பிறர் கருதுவர் என்ற அச்சம் அவனுக்கு இல்லை. இதுவே ஹிர்ட்டியஸ் கூறுவதன் சாரம். நண்பனைக் காக்க எழுதிய இச்சொற்கள், நாம் கேட்கத் துணியாத குற்றச்சாட்டைத் தாமே கூறிவிடுகின்றன. கருணை என்பது இங்கே ஒரு குணமாக இல்லை. வங்கியில் இட்ட முதலாக இருக்கிறது. பல்லாண்டு சேர்த்துவைத்த நற்பெயரைக் கொண்டு ஒருநாள் கொடுமையை விலைக்கு வாங்குகிறான் ஸீஸர். நற்பெயர் இல்லாதவன் இதனைச் செய்திருந்தால் கொடியவன் எனப்பட்டிருப்பான். நற்பெயர் உடையவன் செய்தமையால் இது அரசியல் எனப்பட்டது. வெட்டுண்டவனுக்கு இவ்விரண்டனுள் என்ன வேற்றுமை?

இதற்குச் சற்று முன்னர் நிகழ்ந்த மற்றொரு செய்தியும் அதே புத்தகத்தில் உள்ளது. கார்னூட்டர் நாட்டில் கலகத்துக்குத் தூண்டுகோலாயிருந்தான் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட குடுவாட்டர் என்பவன் பிடிக்கப்பட்டான். வீரர் திரண்டு வற்புறுத்தினமையால், தன் இயல்புக்கு மாறாக, ஸீஸர் அவனைத் தண்டிக்க நேர்ந்தது என ஹிர்ட்டியஸ் எழுதுகிறான். அவன் உணர்விழக்கும்வரை அடியுண்டு பின் தலை வெட்டப்பட்டான். முதற்கொடுமை இயல்புக்கு மாறாக நிகழ்ந்தது. இரண்டாம் கொடுமையோ இயல்பு யாவரும் அறிந்ததாகலின் குற்றமாகாது. சில பக்க இடைவெளியில் ஒரே குணத்தை இருமுறை சாட்சிக்கு அழைக்கவேண்டியிருக்கிறது. ஒரு மனிதனுடைய இயல்பை அவன் செயல்களால் அறியாமல் வேறு எதனால் அறிவது என்பதை எம் நண்பர்களே சிந்திக்கட்டும்.

எமது கருத்துக்கு மறுப்புக் கூறுவோர் உளர்; அவர்கள் கூற்றில் உண்மையும் உண்டு. ஆதலின் ஒவ்வொன்றாக ஆராய்வோம். முதலாவது, அக்காலத்து வழக்கம் அது. நம் காலத்து அளவுகோலால் பழையோரை அளத்தல் தகாது என்பர். இது நியாயமான எச்சரிக்கையே. ஆயின் அக்காலத்தாரே அளந்த அளவுகோல் ஒன்று உளதன்றோ? கி.மு. 55-இல் ஸீஸர் ஜெர்மானியக் குலத்தார் இருவரை, அவர்கள் தூதர் தன்னிடம் வந்திருந்த சமயத்திலேயே தாக்கி அழித்தான். அச்செய்திக்கு ரோமாபுரியில் நன்றிவிழா எடுக்க முற்பட்டபோது, கேட்டோ என்னும் செனட்டர் எழுந்து, ஸீஸரையே அந்த ஜெர்மானியர் கையில் ஒப்புவிக்கவேண்டும் என்று வாதாடினான். அவன் ஸீஸரின் அரசியற் பகைவன் என்பது மெய்யே. ஆயினும் அவ்வாதத்தைச் சபையில் எடுத்துரைக்க இடம் இருந்தது என்பதும் மெய்யன்றோ? இன்னும் ஒன்று. கைகளை வெட்டுதல் ஒருவரும் வியவாத வழக்கமாயிருந்தால், ஹிர்ட்டியஸ் அதற்குச் சமாதானம் எழுதியிரான். சமாதானம் கூறுவோன் தன் உள்ளத்தில் ஒரு கேள்வியைக் கேட்டவனேயாவான்.

இரண்டாவது, அத்தண்டனையால் போர் முடிந்தது. சிலர் கையிழந்ததனால் பலர் உயிர் தப்பினர் என்பர். அதன்பின் காலியா பெரும்பாலும் அமைதியுற்றதும், ஸீஸர் அக்குலத்தாரிடம் மென்மையாக நடந்து புதிய சுமைகளை விதியாதிருந்ததும் உண்மையே. அலேஸியாவில் சிறைப்பட்டோருள் இரு குலத்தாரை அவன் திருப்பி அனுப்பியதும் உண்மையே. ஆயின் நாம் மற்றொரு நகரத்தையும் இங்கு நினைத்தல் வேண்டும். உக்ஸெல்லோடூனத்திற்கு இரண்டே ஆண்டின் பின், கி.மு. 49-இல், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் இத்தாலியில் உள்ள கார்பீனியம் நகரம் ஸீஸரிடம் சரணடைந்தது. அங்கிருந்த டொமிட்டியஸ் முதலிய செனட்டர்களையும் பிரபுக்களையும் அவன் ஒரு தீங்கும் செய்யாது விடுத்தான். டொமிட்டியஸ் வைத்திருந்த பெரும்பணத்தையும் அவனிடமே திருப்பிக் கொடுத்தான். விடுதலை பெற்ற டொமிட்டியஸ் அவ்வாண்டிலேயே மஸீலியா நகரில் நின்று ஸீஸரை மீண்டும் எதிர்த்தான். மன்னிக்கப்பட்டவன் மறுபடியும் போரிடுவான் என்ற அச்சமே தண்டனைக்குக் காரணமாயின், அவ்வச்சம் கார்பீனியத்தில் அன்றோ மெய்யாயிற்று? அங்கே ஏன் ஒருவன் கையும் வெட்டப்படவில்லை?

விடை தெளிவு. கார்பீனியத்தில் இருந்தோர் ஸீஸரோடு ஒருங்கு உண்டவர்; ஒரே மொழி பேசியவர்; கடிதம் எழுத வல்லவர். அவர்களுக்குச் செய்த நன்மை ரோமாபுரியின் வீடுதோறும் பேசப்படும். மலைமேல் இருந்த கடூர்க்கரின் துயரை எடுத்தெழுத எவரும் இல்லர். தனக்கு ஒப்பானவரிடம் காட்டும் இரக்கத்தைக் கருணை என்று கொள்ளுதல் எளிது. தன்னைப் பற்றி ஒரு வரியும் எழுத இயலாதவனிடம், அவன் தன் கையில் அகப்பட்ட நேரத்தில், ஒருவன் எங்ஙனம் நடக்கிறான் என்பதே கருணைக்கு உரைகல். அவ்வுரைகல்லில் ஸீஸரின் பொன் மாற்றுக் குறைந்து தோன்றுகிறது.

மூன்றாவது மறுப்பே பலரையும் மயக்குவது. ரோமர் ஆட்சியால் காலியா தேசத்தில் நல்ல பாதைகளும், நகரங்களும், சட்டமும், லத்தீன் மொழியும், பின்னர்க் கிறிஸ்து சமயமும் பரவவில்லையா என்பர். பரவின. அவ்வாதத்துக்குத் துணையாக ஒரு கல்லையும் காட்டலாம். கடூர்க்கரின் பெயரைத் தாங்கி இன்றும் நிற்கும் காஹோர் நகரத்துப் பகுதியில் கிடைத்த லத்தீன் கல்வெட்டொன்று, மார்க்கஸ் லுக்டேரியஸ் லியோ என்பவனைக் கடூர்க்கர் குடியினர் சிறப்பித்ததைக் கூறுகிறது. அவன் தன் ஊரில் எல்லாப் பதவிகளையும் வகித்தவன். லியோன் நகரத்தருகே இரு நதிகள் கூடும் இடத்தில் இருந்த அகஸ்டஸின் பலிபீடத்தில் பூசாரியாயிருந்தவன். பழைய லுக்டேரியஸின் குடிப்பெயரைத் தாங்கிய ஒருவன் ரோமப் பேரரசனின் பீடத்தில் பணி செய்கிறான். பாரீர், எவ்வளவு இனிதாக முடிந்தது என்பார் அவர்.

யாம் அக்கல்லைக் கண்டு வேறொன்று கருதுகிறோம். பின்வந்தோர் அடைந்த நன்மை பின்வந்தோருடையது. அதனைக் கொண்டு முன்னோர் இழந்ததற்குக் கணக்குத் தீர்க்க ஒருவருக்கும் உரிமை இல்லை. லியோவின் பதவியை எண்ணி, நூறாண்டுக்கு முன்போ பின்போ, கையிழந்த உழவன் ஒருவன் ஆறுதல் அடைந்திருப்பான் என்று சொல்லுதல் கூடுமோ? அவனுக்கு மறுநாள் விடிந்தது. கலப்பையைப் பிடிக்கக் கை இல்லை. குழந்தையைத் தூக்கக் கை இல்லை. தாகத்தினின்று தப்பி நீர் கிடைத்தபின்னும், அந்நீரைத் தானே மொண்டு குடிக்கக் கை இல்லை. உயிர் அருளப்பட்டது என்னும் சொல் அவன் இல்லத்தில் என்ன பொருள் பட்டது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பாதைகள் நல்லவை, ஆயின் பாதைகளைப் போட்டவர் என்னும் காரணத்தால், அவர் செய்த கொடுமையை வேறு பெயரால் அழைத்தல் வேண்டா.

இனி, நூலைக் கற்கும் முறையைப் பற்றி ஒரு சொல். நம் பழம்புலவர் முற்றுகைப் போரைப் பாடுங்கால், மதிலை வளைப்போரின் செயலுக்கு உழிஞை என்றும், மதிலைக் காப்போரின் செயலுக்கு நொச்சி என்றும் வெவ்வேறு பெயர் வழங்கினர். காப்போனுக்கும் ஒரு பூ உண்டு. அவன் பக்கத்தும் ஒரு பாட்டு உண்டு. உக்ஸெல்லோடூனத்தின் நொச்சிப் பாட்டு நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது உழிஞை மாத்திரமே. அவ்வுழிஞை நூலிலும் நொச்சியின் அடிச்சுவடுகள் உள்ளன; தேடிக் காண்பதே மாணவர் கடன். தலைவர் இன்றியும் பணியாமை, தீப்பீப்பாய், தாகத்தால் மாண்டும் குலையாத உறுதி ஆகிய இவற்றையெல்லாம் பகைவனே எழுதி வைத்தான். மண்மேட்டின் உயரம் 60 அடி என்கிறான். கோபுரத்தின் நிலை பத்து என்கிறான். ஆறு சூழாத இடத்தின் அகலம் 300 அடி என்கிறான். இத்துணை நுட்பமாக எண்ணியவன், வெட்டுண்ட கைகள் எத்தனை என்பதை எழுதவில்லை. வென்றோர் எழுதும் நூலில் எண்ணப்பட்டவை எவை, எண்ணப்படாதவை எவை என நோக்குவோன், சரித்திரத்தைப் பாதிக்குமேல் கற்றவனாவான்.

ஸீஸரை இகழ்வது எமது நோக்கமன்று. அவனுடைய ஆற்றலும் அவனுடைய உரைநடையின் தெளிவும் கற்கத் தக்கவையே. ஏழு புத்தகங்களோடு எட்டாவதையும் படியுங்கள் என்பதே எம் வேண்டுகோள். வருங்காலத்தில் நம் மாணவருள் சிலர் அதிகாரம் வகிப்பர். பள்ளியிலோ, நீதிமன்றத்திலோ, மருத்துவசாலையிலோ, வெறும் ஒரு சிறு அலுவலகத்திலோ, எளியவர் சிலர் அவர்கள் கையில் அகப்படுவர். இவர் நல்லவர் என்று ஊரார் கூறும் பெயரும் அக்காலத்து அவர்களுக்குச் சேர்ந்திருக்கும். அந்நற்பெயரை நம்பி ஒருநாள் ஒரு சிறு கொடுமையைச் செய்யத் துணியும் வேளை வரும். நம்மை யார் ஐயுறுவார் என்று உள்ளம் கூறும். அவ்வேளையில் அவர்கள் உக்ஸெல்லோடூனத்தை நினைப்பாராக. ஸீஸரின் உள்ளமும் அங்ஙனமே கூறிற்று. அவனை ஐயுறுவார் அன்று ஒருவரும் இல்லாதிருக்கலாம். இரண்டாயிரம் ஆண்டு கழித்து, அவன் நண்பன் எழுதிய ஒரு வாக்கியத்தைக் கொண்டே நாம் ஐயுறுகிறோம்.